நான்தான் பூட்டு

மாணவி: ...அதனாலதான் மேடம், நானே சொல்லிடலாம்னு வந்தேன். பூட்டு நான்தான்.

ஆசிரியை: எந்தப் பூட்டு?

மாணவி: நம்ம இணைய விவாதப் பலகையில 'பூட்டு'ங்கற பேருல எல்லாத்துக்கும் தப்புத் தப்பா வாதாடுமே... அந்தப் பூட்டு.

ஆசிரியை: முதல்ல உக்காரு. நாற்காலியில இருக்கற விடைத்தாளை எல்லாம் கீழ வை... நீயா?

மாணவி: ஆமா மேடம். வகுப்புல இருக்கறவங்களைவிட பலகையில ஒரு பேரு கூடுதலா இருக்காமே. அது யாருன்னு தெரியலைன்னா பலகையையே மூடிடுவேன்னு ஹெச்.ஓ.டி. சார் சொன்னாராம். அது என்னோட இன்னொரு பேரு. அவ்வளவுதான்.

ஆசிரியை: வணிகச் சட்டம் படிக்கற பொண்ணு நீ. சொன்னதும் நம்பிடுவேனா? குறுக்கு விசாரணை உண்டு.

மாணவி: கேளுங்க மேடம்.

ஆசிரியை: கடைக் கண்ணாடியில சட்டைக்கு விலை எழுதி வெச்சுட்டா, யார் கேட்டாலும் அந்த விலைக்கு வித்தே ஆகணும்னு பூட்டு அடிச்சுப் பேசுச்சே. ஏன்?

மாணவி: அது... அப்ப எனக்குத் தெரியாது மேடம்.

ஆசிரியை: தெரியாதா? 'விலைச்சீட்டு வெறும் அழைப்புதான், வாங்க வர்றவங்க கேட்டு, கடைக்காரர் ஒத்துக்கிட்டாத்தான் ஒப்பந்தம்'னு அதுக்குப் பக்கம் பக்கமா பதில் எழுதினது யாரு?

மாணவி: ...நான்.

ஆசிரியை: ஓஹோ. அப்ப 'அறிவிருக்கா'ன்னு உன்னை நீயே கேட்டுக்கிட்டியாக்கும்.

மாணவி: அது ஏதோ கோவத்துல... மன்னிச்சுடுங்க மேடம்.

ஆசிரியை: என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? சொல்லும்மா.

மாணவி: தப்பா பேசறவங்க யாராவது... சட்டப் பிரிவு நம்பரை மட்டும் கரெக்டா போடுவாங்களா மேடம்? பரீட்சைக்கு முந்தின நாள் வேற, 'எல்லாரும் நேரத்தோட தூங்குங்க'ன்னு பூட்டு போட்டுச்சு. எந்தப் பையன் மேடம் அப்படிப் போடுவான்?

ஆசிரியை: அடக் கடவுளே. வகுப்புக்கே தெரியுமா?

மாணவி: முதல் வாரமே.

ஆசிரியை: தெரிஞ்சுமா விழுந்து விழுந்து சண்டை போட்டீங்க?

மாணவி: உங்களையே எதிர்த்துப் பேச வேற எங்க மேடம் வாய்ப்பு கிடைக்கும்? அதுவும் எனக்கு... வகுப்புல எழுந்து நின்னாலே நாக்கு ஒட்டிக்கும். அங்கதான் பேச வருது.

ஆசிரியை: பலகை ஆரம்பிச்ச புதுசுல ஈ காக்கா எட்டிப் பாக்கலை. அதான் நானே ஒரு பேரை வெச்சுக்கிட்டு...

மாணவி: நீங்கன்னு தெரிஞ்சா உங்களுக்குத்தானே கெட்ட பேரு. நான் போய் சார்கிட்ட சொல்லிடட்டுமா?

ஆசிரியை: வேணாம். காலையில நானே போய்ச் சொல்லிட்டேன்.

மாணவி: சொல்லிட்டீங்களா? அப்ப இவ்வளவு நேரம் ஏன் மேடம் என்னை...

ஆசிரியை: வருஷம் முழுக்க வாயே திறக்காத பொண்ணு இவ்வளவு பேசறியே, நடுவுல நிறுத்த மனசு வரலை. சார் சிரிச்சுட்டாரு. பலகை இருக்கட்டும், பூட்டுங்கற பேரை மட்டும் மாணவர் யார்கிட்டயாவது ஒப்படைச்சுடுங்கன்னாரு. யாருக்குக் கொடுக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்... நீயே வந்து எடுத்துக்கிட்டே.