குழிக்குள் கிடந்த அரைகல்

மத்தியானம் பன்னிரண்டரை. படுவான்கரையில வாவி ஓரமாப் போற மண் றோட்டு... கச்சான் காத்துக்குப் புழுதி மட்டும்தான் நடமாடும். பேய் ராவிலதான் வரும் எண்டு நினைக்கிற ஆக்கள் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்க.

இது என்னோட கொங்கிறீட் வேலைக்கு வாற உதயரூபன்ட மச்சானுக்கு நடந்தது. பேர் நல்லரத்தினம். அந்த றோட்டு முடியிற மேட்டில ஆராய்ச்சிக்காரர் குழி வெட்டினாங்க. இவர் அங்க கூலி. தோண்டின மண்ணைத் தண்ணி நிரப்பின பெரிய தகரப் பரலுக்குள்ள கொட்டிக் கலக்கோணும். மிதந்து வாற கரித்துண்டை வடிச்சு எடுப்பாங்க. எல்லாம் பழைய காலத்தில கருகிப்போன கிழங்கும் விதையுமாம். இரும்பு தெரியாத காலத்துச் சனம் எதை அரைச்சு, எப்பிடிச் சமைச்சுத் திண்டது எண்டு அதில பார்க்கலாமாம்.

அண்டைக்குக் காலையில ஒரு அரைகல்லும் குழவியும் வெளிப்பட்டது. அதில ஒட்டின மாவைச் சோதிக்கோணும், ஒருத்தரும் கை வைக்கப்படாது எண்டு சொல்லிப்போட்டு எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. இவர் மட்டும் காவல்.

மர நிழலில கண்ணயர்ந்தவருக்குக் கேட்டது... சர்ர்... சர்ர்... கல்லில கல் உரசிற சத்தம். இடையில ஒரு பொம்புளை மூச்சு வாங்கிறாள்.

களைச்சுப்போய் அரைக்கிற ஒராளைக் கண்டா, எங்கட பக்கம் சும்மா கடந்து போகமாட்டம். அரைத்தூக்கத்தில அவர்ட வாயும் பழக்கத்துக்குச் சொல்லிப்போட்டுது.

"எழும்புங்க அக்கா, மிச்சத்தை நான் அரைக்கிறன்."

சத்தம் நிண்டது. குழிக்குள்ள எட்டிப் பார்த்தார். ஒருத்தரும் இல்ல. இறங்கிக் குழவியைத் தொட்டார்... சூடு. இப்பதான் ஆரோ கையை எடுத்த மாதிரி.

அவ்வளவுதான். கை ஒட்டிக்கொண்டது. சர்ர்... சர்ர்... நிப்பாட்ட ஏலாது. எழும்ப ஏலாது. கத்தினா காத்து மட்டும்தான் வருது. வெறுங்கல்லில இருந்து மாவு கொட்டுது. பச்சைக் கிழங்கின்ட காறல் மணம் தொண்டையை அடைக்குது. குழியின்ட நாலு சுவரும் கிட்டக் கிட்ட வாற மாதிரி... மேல, ஈரக் காலோட ஆரோ ஒராள் றோட்டால நடந்து போற சத்தம்.

எவ்வளவு நேரமோ. கடைசியில அந்த ஈரக் கால் திரும்பி வந்து குழி ஓரத்தில நிண்டது. கை விட்டது. உள்ளங்கையில தோல் இல்ல.

வீட்ட ஓடினார். பொண்டாட்டி யசோதினி சிரிச்சுக்கொண்டு நிண்டாளாம்.

"உங்கட சொந்தக்காரி ஒராள் வந்தா. கையெல்லாம் மாவு. பாவம், உங்கட பாயில படுத்து நல்லா நித்திரை கொண்டுட்டு இப்பதான் போனா. நீங்க அரைக்கிறீங்களாமே... இனி ஒவ்வொரு நாளும் மத்தியானம் வருவாவாம்."

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போகல்ல. கல்லைக் கொழும்புக்கு ஏத்திட்டாங்க எண்டு கேள்விப்பட்டு மனம் கொஞ்சம் ஆறினது. எண்டாலும் மத்தியானம் ஆகமுதல் வீட்டு வாசல் கதவைப் பூட்டித் திறப்பை மடியில செருகிக்கொண்டு சீமெந்து நிலத்தில குந்தியிருந்தார். துணைக்கு உதயரூபன்.

அறைக்குள்ள இருந்து யசோதினி கேட்டாள்.

"நேத்து வந்த அக்கா எந்தப் பக்கத்தால உள்ள வந்தவ? பாயில படுத்திருக்கிறாவே..."

நல்லரத்தினத்தின்ட ரெண்டு கையும் நிலத்தில விழுந்தது. முன்னுக்கும்... பின்னுக்கும்...

உதயரூபன் பிடிச்சு இழுத்தும் கை வரல்லயாம். அதுக்குக் கீழ, வெறும் சீமெந்தில... மாவு விழுந்துகொண்டே இருந்ததாம்.