நீல பிளாஸ்டர்

தம்போய் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். கோழி வெட்டிப் பாக்கெட் போடும் தொழிற்சாலையின் சட்டை. இளையவள் உட்காரும்போதே சொன்னாள்:

"ஒரு பிளாஸ்டருக்காக இன்னைக்கு லைனையே நிறுத்திட்டாங்கக்கா."

"என்ன பிளாஸ்டரு?"

"ஆள் அனுப்புற ஏஜென்சியில வந்த நேப்பாளக்காரரு இருக்காரில்ல, அவரு விரலைக் கத்தி கிழிச்சிருச்சு. நீல பிளாஸ்டரை ஒட்டி உடனே வேலைக்கு நிக்க வச்சாங்க. அது கழண்டு கோழிக்குள்ள விழுந்துருச்சு. மேனேஜர்லேர்ந்து எல்லாரும் ஓடி வந்து, டிரே டிரேயா கொட்டித் தேடுறாங்க."

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது. போட்டோ எடுத்து, பையில போட்டு, ரிப்போர்ட்டும் எழுதினாங்க. அவரு ரத்தம் சொட்டச் சொட்ட ஓரமா நிக்கிறாரு, ஒருத்தன் திரும்பிப் பாக்கல. கிளினிக்குக்கு அனுப்புங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். 'அவன் நம்ம ஆளு இல்ல, ஏஜென்சியக் கேளு'ங்கிறான்."

"அலமாக்! மனுசனா அவன்?"

"இன்னும் கேளுங்க. ரிப்போர்ட்ல 'யாருக்கும் காயமில்லை'ன்னு எழுதி, என்னைச் சாட்சிக் கையெழுத்து போடச் சொன்னான்."

"மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிட்டு வர்றதுதானே!"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏய், போட்டுட்டியா?"

"போட்டேன்க்கா. அவரு பாத்துக்கிட்டே நின்னாரு. எதுல போட்டேன்னு அவருக்கும் தெரியும். வெளிய வரும்போது, 'பரவாயில்ல அக்கா'ன்னு மலாய்ல சொல்றாரு. அதுக்கு அவரு என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்க்கா."