ஃப்ரிட்ஜில் ஒட்டின பதினேழாம் பக்கம்

...அதையே திருப்பித் திருப்பிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல, இனகாகி தம்பி? பக்கம் இல்ல. இந்த மாசப் படக்கதைக்குத் தர வேண்டிய முப்பத்திரெண்டுல ஒண்ணுகூட கையில இல்ல. மேசைக்கு அடியில எட்டிப் பாக்காதீங்க, அங்க தூசிதான் இருக்கு. டீயக் குடிங்க. சர்க்கரைவள்ளி அவிச்சது இருக்கு, எடுத்துக்குங்க. டோக்கியோலேருந்து ரயிலேறி வந்தது வீண்தான், வயிறாவது ரொம்பட்டும்.

என்னைக் கேக்காதீங்க. மாடியில இருக்காங்களே ரெண்டு மகராசனுங்க, அவங்களப் போய்க் கேளுங்க! எதிரெதிர் வீடு. இசோபே, ஏசி ரிப்பேர் பண்றவர். பொண்டாட்டி போய்ச் சேந்து மூணு வருஷம். நாலு வயசுல ஷூட்டான்னு ஒரு பையன். எதிர்ல ஹதானோ, ரொட்டிக்கடையில மாவு பிசையறவர். சம்சாரம் விவாகரத்து வாங்கிட்டுப் போயிட்டா. அஞ்சு வயசுப் பொண்ணு நோனோகா.

என்ன முழிக்கறீங்க? ஆமா, நம்ம கதையில வர்ற ரெண்டு அப்பனுங்களும் அவங்களேதான். பேர மாத்தினேன், முடிய மாத்தினேன், இசோபேக்கு நாலு அங்குலம் உயரம் வேற போட்டுக் குடுத்தேன். நன்றி உண்டா அந்த மனுஷனுக்கு!

ஏழு புத்தகம், தம்பி! ஏழு புத்தகமா ரெண்டு ஆம்பளைங்களையும் பக்கத்துல பக்கத்துல நடக்க விட்டு, கைய மட்டும் பிடிக்க விடாம இழுத்தேன். "எப்பதான் சொல்லுவாங்க"ன்னு வாசகிங்க கடுதாசி எழுதித் திட்டறாங்க. நான் என்ன பண்றது? மேல இருக்கறவங்க சொன்னாத்தானே கீழ இருக்கற நான் வரைய முடியும்! ஷூட்டாவுக்குக் காய்ச்சல்னா ஹதானோ கஞ்சியும் ரொட்டியுமா போய்க் கதவத் தட்டுவார். தட்டிட்டு என்ன சொல்வார் தெரியுமா? "கடையில மிஞ்சிப் போச்சு." அட, மனசுல ஆசை இருக்கறவன் இப்படியா சொல்லுவான்? தெனமும் அவ்வளவு மிஞ்சினா அந்தக் கடைய எப்பவோ மூடியிருக்கணுமே!

எங்க விட்டேன்... ஆங், அட்டைப்பெட்டி. போன மாசம் இசோபே ஒரு கட்டு அட்டைப்பெட்டியத் தூக்கிட்டு வந்தார். "சென்சே" - மரியாதையா வாத்தியாரம்மான்னு அர்த்தம், என்னை அப்படித்தான் கூப்பிடுவார் - "இத உங்க வீட்டுல வெச்சுக்கறீங்களா? வடக்குக் கோடியில சப்போரோவுக்கு மாத்தல் வந்திருக்கு. ஹதானோகிட்ட சொல்லிடாதீங்க"ன்னார். ஏன்யான்னேன். "அவருக்கு நான் வெறும் எதிர்வீட்டுக்காரன்தானே, கெளம்பற அன்னிக்குச் சொன்னாப் போதும்"னு தலையக் குனிஞ்சுக்கிட்டார். வெறும் எதிர்வீட்டுக்காரனாம்! அந்தாளு சட்டைக்கு இவர் பொத்தான் தெச்சுக் குடுத்ததை நான் ரெண்டு பக்கம் வரைஞ்சிருக்கேன்!

மறுநா நோனோகா வந்தா. என் வீட்டு வீணாப் போன தாளுங்க பின்னாடிதான் குழந்தைங்க ரெண்டும் படம் போடும், தெனமும் வாங்க வரும். வந்தது வாசல்லயே நின்னுச்சு. "அத்தை, ஷூட்டா அவன் பொம்மை ரயிலெல்லாம் என்னையே வெச்சுக்கச் சொல்லிட்டான். ஏன்?"

தாளக் குடுத்து அனுப்பிச்சேன். அதுல என்னமோ பதினேழாம் பக்கமும் கலந்து போயிடுச்சு. அதான், உங்களுக்கு முன்ன இருந்த எடிட்டரம்மா "ஒரு பிரிவு வேணும், பிரிவு வேணும்"னு உசிர வாங்கினாளே, அந்தப் பக்கம். உயரமானவன் பெட்டிங்களுக்கு நடுவுல உக்காந்திருப்பான், கையில சப்போரோ டிக்கெட்டு. "சொன்னா, போகாதேன்னு சொல்வாரோன்னு பயம். சொல்லாம விட்டுடுவாரோன்னு அதவிட பயம்"னு நெனைச்சுக்குவான். நோனோகா அவன் சட்டைக்குப் பச்சைக் கலரடிச்சு, ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டா. ஹதானோ வேலையிலேருந்து வந்து, பால எடுக்கப் போயிருக்கார்...

மேல திமுதிமுன்னு சத்தம். கதவு திறக்குது, எதிர்க்கதவு மூடுது. நான் சும்மா இருப்பேனா? நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கிட்டு மாடியேறி, காத வெச்சுக்கிட்டு நிக்கறேன். ஏழு புத்தகமாக் காத்துக்கிடந்த பேச்சு! ஒரு வார்த்தை வரணுமே? வரல. யாரோ மூக்க உறிஞ்சற சத்தம். அதோட ஷூட்டா குரல்: "அப்பா, ஹதானோ மாமா ஏன் செருப்புக் காலோடயே வீட்டுக்குள்ள வந்துட்டாரு?"

அவ்வளவுதான். அவ்வளவேதான்! நோட்டுல நான் எழுதினது வெறும் புள்ளிங்க. இத வெச்சு எந்தப் பேச்சுக்கட்டத்த நிரப்புவேன், சொல்லுங்க?

இசோபே மாத்தல் வேணாம்னுட்டார். வர்ற மாசம் நாலு பேரும் ஒரே வீட்டுக்குப் போறாங்க. வாடகைப் படிவத்துல 'உறவுமுறை'ன்னு ஒரு கட்டம். இசோபே பேனாவப் பிடிச்சுக்கிட்டுத் திருதிருன்னு முழிச்சாராம். ஹதானோ பிடுங்கி 'குடும்பம்'னு எழுதிட்டாராம். இனிமே அரிசி யார் ஊற வெக்கறதுன்னுதான் சண்டை போடுவாங்க. எனக்குக் கதை எங்கேருந்து வரும்? பதினேழாம் பக்கத்தையாவது வாங்கிக்கலாம்னு போனேன். தரமாட்டாங்களாம்!

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க... என்ன? கலந்து போயிடுச்சுன்னுதான் சொன்னேன். ஆமா... சரி, விடுங்க. மை காயாத பக்கம் எங்கயாவது பழைய தாளோட தானா போய்க் கலக்குமா? முப்பது வருஷமா வரையறவ நான்.

நான்தான் மேலாப்பல வெச்சேன். அந்தப் பொண்ணு கையில கறையாயிடக் கூடாதேன்னு, அவள வாசல்லயே நிக்க வெச்சுட்டு, ஊதி ஊதிக் காயவெச்சுக் குடுத்தேன்.