மூணாவது பரீட்சை

— மறுபடியும் சொல்லு ஸினா. ஒரு குழந்தைன்னா?

— சைல்ட்.

— பல குழந்தைங்க?

— சைல்ட்ஸ்.

— சபாஷ். ஒரு ஆள்னா மேன். ரெண்டு ஆள்?

— மேன்ஸ். வலேரியு, இங்கிலீஷ் பரீட்சைக்குன்னு பஸ் ஏறுறது இது மூணாவது தடவை. இதுலயும் கோட்டை விட்டா லண்டன் ஆஸ்பத்திரிக்காரங்க என் பேரையே அடிச்சிடுவாங்க. நம்ம ஊரு சொரோக்காவுல எங்க ஆஸ்பத்திரி வார்டை இழுத்து மூடியாச்சு. இருபது வருஷம் நர்ஸா இருந்துட்டு, இனிமே சந்தையில உக்காந்து தக்காளி விக்கவா?

— பதறாதே. நான் எதுக்கு இருக்கேன்? மூணு வருஷம் மான்செஸ்டர்ல சிமெண்ட் சுமந்தவன் நான். இங்கிலீஷ்காரன் வாயிலேர்ந்தே கத்துக்கிட்டது. பிளாசிந்தா ரொட்டியை ஒரு வாய் கடிச்சுக்கோ. சரி, வார்டுல ஒரு பொம்பளை. அவளுக்கு என்ன சொல்லணும்?

— ஷி.

— நாலு பொம்பளைங்க இருந்தா?

— ஷீஸ்.

— ஐயோ கடவுளே, ஷீஸா! மன்னிச்சுக்கோங்க, பின்சீட்டுல உக்காந்துக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறது? நான் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சர்மா. ஆம்பளையோ பொம்பளையோ, பல பேர்னா 'தே'. குழந்தைங்க 'சில்ட்ரன்'. ஆளுங்க 'மென்'. யாரும்மா இவரு, உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?

— என் புருஷன்.

— டீச்சரம்மா, நீங்க ஜன்னல் பக்கம் வேடிக்கை பாத்துட்டு வாங்க. இது எங்க வீட்டு விஷயம்.

— அந்தப் பொண்ணு பொழைப்பே இதுல தொங்குது, வீட்டு விஷயமாம்! மடியில இருக்கிறது இவர் எழுதிக் கொடுத்த நோட்டா? இப்படிக் கொடும்மா. ...பக்கத்துக்குப் பக்கம் தப்பு. ஒண்ணுகூடத் தவறிப்போய் சரியா வரல. ஏங்க, தெரியாதவனால இப்படி எழுத முடியாது. நல்லாத் தெரிஞ்சவன்தான் ஒண்ணு விடாமத் தப்பா எழுதுவான்.

— வலேரியு, என்னைப் பாரு.

— ஸினா...

— அங்க ரோட்டை ஏன் பாக்கிறே? என் மூஞ்சியைப் பாத்துப் பேசு.

— ஆமா! வேணும்னேதான் எழுதினேன். போதுமா? மான்செஸ்டர்ல எங்க அறையில ஒன்பது பேரு. அஞ்சு பேரோட குடும்பம் போனுலயே செத்துப்போச்சு, தெரியுமா உனக்கு? மொதல்ல தினமும் பேசுவாங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை. அப்புறம் ஈஸ்டருக்கு ஈஸ்டர். எனக்கு இடுப்பு போச்சு, இனிமே உன் பின்னாடி என்னால வர முடியாது. நீ ஏறிப் போயிட்டா அந்த வீட்டுல நான் யாரோட சண்டை போடுவேன்?

— இதை ஏன் என்கிட்ட சொல்லல?

— எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? சம்பாதிக்க வக்கில்லாதவன் பொண்டாட்டியையும் போக விடலேன்னு ஊரே காறித் துப்பும். இப்பக் கேக்கிறேன். உன் கால்ல விழுந்து கேக்கிறேன். போகாதே ஸினா. டிரைவர்கிட்ட நிறுத்தச் சொல்றேன், இறங்கிடலாம்.

— ஷீஸ்னு ஒண்ணு கிடையாதுன்னு எனக்கு மொத நாளே தெரியும்.

— என்னது?

— நூலகத்துல புத்தகம் எடுத்துப் பாத்தேன். ரெண்டு பரீட்சையிலயும் நீ சொல்லிக்கொடுத்த தப்பையே தெரிஞ்சுதான் எழுதினேன்.

— பைத்தியமா உனக்கு? எதுக்கு?

— நீ என்னிக்காவது வாயைத் திறந்து போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னுதான்.

— அதான் இப்பச் சொல்லிட்டேனே!

— டீச்சரம்மா பிடிச்சுக் கொடுத்ததால சொன்னே. இல்லேன்னா இன்னிக்கும் ஷீஸ் ஷீஸ்னுதான் சொல்லிக்கிட்டு வந்திருப்பே. போன மாசமே தனியாப் போயி மூணாவது பரீட்சையைச் சரியா எழுதி பாஸ் பண்ணிட்டேன், வலேரியு. இன்னிக்குப் பரீட்சையே கிடையாது. விசா வாங்கத்தான் போறேன்.