சாயம் பிடித்த துண்டு

கல்முனையிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், பின் இருக்கையில் ஒரு பெண் தன் தாயிடம் சொன்னாள்: "சதைத் துண்ட இன்னும் கொஞ்சம் அவிச்சுப் பார்ப்பமெண்டு நான்தான் உம்மா சொன்ன."

"அல்லாஹ்வே! ஆர்ர சதை?"

"ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மனிசிட மார்புக் கட்டி, கென்சர். எங்கட லேப்புல, கட்டி என்ன வகையெண்டு காட்டுற அன்டிபொடிச் சாயம் போட்டும் நிறம் வரல்ல. நிறம் வந்தாத்தான் அவக்கு ஹோமோன் மாத்திரை சரிவரும். சூடு போதாட்டிச் சாயம் பிடிக்காது. அதான் அதே கட்டில வேற துண்டொண்ட கூட நேரம் அவிச்சுப் போட்டன்."

"வந்ததா?"

"ஓம் உம்மா, நல்ல மண்ணிறம். டொக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நாளைக்கே மாத்திரை தொடங்குறாங்க."

தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொண்டக்டர் வந்து எங்கே இறக்கம் என்று கேட்டார்.

"மருதமுனை, தம்பி. இவ என்ட மகள்."