வழியில் இறங்காதவள்

இரவு ஒரு மணி தாண்டியிருக்கும். மோலோவிலிருந்து அரேவாலோ போகிற கடலோரச் சாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு நாய்கூட இல்லை. ஒரே ஒரு டிரைசிக்கிள், பைக்கோடு பெட்டி மாட்டின வாடகை வண்டி... அதில் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

கிட்ட வந்து உட்காருங்கள், கரண்ட் இப்போதைக்கு வரப்போவதில்லை. அந்தப் பெண் வேறு யாருமில்லை. நம் மாரிவிக் இருக்கிறாளே, அவளுடைய சித்தி மகள் ஜெர்லின். மாரிவிக்கே தன் வாயால் சொன்னது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

ஜெர்லின் இழவு வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இறந்தவர் அவளுடைய தாய்மாமா பெர்டிங். நகராட்சியில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். அவர் கை பட்டு ஓடாத மின்விசிறி கிடையாது. சவப்பெட்டியைச் சுற்றிச் சீட்டாடியவர்களுக்கு அன்று முழுக்க அவர் பேச்சுதான். "என் தையல் மெஷினுக்கு மூணு தடவை உசுர் கொடுத்தாரு" என்றார் ஒருவர். "அது என்ன பெரிசு? என் வீட்டுக்காரரோட பல்செட்டையே ஒட்டிக் கொடுத்தாரு!" என்று ஒரு கிழவி சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

ஜெர்லின் மட்டும் வாயே திறக்கவில்லை. அவள் வீட்டில் மாமா சரி செய்ததெல்லாம் கதவுதான். அவள் புருஷன் ஆர்னெல் குடித்துவிட்டு வந்து உதைத்து உடைப்பான். மறுநாள் மாமா சுத்தியலோடு வந்து நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அவளுடைய வீங்கின கண்ணைப் பார்ப்பார், கதவை மாட்டுவார், போகும்போது ஆர்னெலை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை ஒரு வாரம் தாங்கும்.

மாமா செத்த சேதி வந்ததும் ஆர்னெல் சிரித்தான். "இனிமே எவன்டி வந்து கதவு மாட்டுவான்? நீ மட்டும் அந்த இழவு வீட்டுக்குப் போ... திரும்பி வர்றப்போ உனக்கும் ஒரு பெட்டி சொல்லி வெச்சிருப்பேன்." சொன்னால் செய்கிறவன். முன்பு அவள் அம்மா வீட்டுக்கு ஓடினபோது அங்கேயே அரிவாளோடு வந்து நின்றவன். எங்கே போவாள், சொல்லுங்கள்?

இழவு வீட்டிலிருந்து நம்மில் யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. வழியில் ஒரு கடையில் இறங்கி, எதையாவது சாப்பிட்டு, செத்தவரை அங்கேயே உதறிவிட்டுத்தான் நம் வாசலை மிதிப்போம். இல்லாவிட்டால் கூடவே வந்துவிடுவார். மாரிவிக் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். "பாட்சோய் கடையில இறங்கி ரெண்டு வாய் சூப் குடிச்சிட்டுப் போடி. மறந்து தொலைச்சிடாதே."

கடை வெளிச்சம் தெரிந்தது. எலும்பு கொதிக்கிற வாசனை. வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்தார். "இறங்கணுமில்லே, தங்கச்சி?"

"வேண்டாண்ணே. நேரா போங்க."

"இழவு வீட்டிலேருந்துதானே வர்றே? விளையாடாதேம்மா..."

"போங்கண்ணே!"

அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஓட்டினார். ஜெர்லின் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் ஆர்னெல்மேல் இருந்த பயம் அதைவிடப் பெரிது. "வாங்க மாமா," என்று முணுமுணுத்தாள். "வீட்டுக்கு வாங்க."

கொஞ்ச தூரத்தில் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது... யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. ஈரத் துருவின் வாசனை வந்தது. வண்டிக்காரர் கடைசிவரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆர்னெல் விழித்திருந்தான். வாசலிலேயே முடியைக் கொத்தாகப் பிடித்தான். தலையைச் சுவரில் மோதினான். ஒரு தடவை... இன்னொரு தடவை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. குழந்தை வீறிட்டது. அவன் அரிவாளை எடுக்கத் திரும்பின நொடியில் ஜெர்லின் குழந்தையோடு உள்ளறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள். முதல் உதை. கதவு அதிர்ந்தது. அடுத்த உதையில் கீல் பிய்ந்தது. மேல்பலகை வழியாக அரிவாள் நுனி உள்ளே வந்தது.

அவ்வளவுதான். அதற்குமேல் வரவில்லை.

டக். டக். டக்.

சுவருக்குள்ளிருந்து கேட்டது. வேலை தொடங்கும் முன்பு குழாயைத் தட்டிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம்.

"எவன்டா அது?" என்றான் ஆர்னெல். அப்புறம் அவன் குரல் உடைந்தது. "மாமா... ஐயோ மாமா, நான் சும்மா மிரட்டத்தான்..."

காய்ந்த மூங்கிலை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓர் அலறல். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. விரல் விரலாக... அவசரமே இல்லாமல். விரல்கள் முடிந்ததும் மணிக்கட்டு. அது கொஞ்சம் கனமாகக் கேட்டது. ஜெர்லின் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிந்தபோது கதவு புதுக் கீலோடு நேராக நின்றது. ஆர்னெல் தரையில் கிடந்தான், உயிரோடு. இரண்டு கைகளிலும் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை நாடா, வரிசை பிசகாமல். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "யாருய்யா எலும்பு வெச்சது? மயிரிழைகூட விலகலையே! ராத்திரி முறிஞ்சது காலையில எப்படி ஒட்டும்?" என்று கேட்டார்.

அன்று இரவும் முறிந்தது. விடிந்ததும் ஒட்டியிருந்தது. அதற்கடுத்த இரவும் அப்படியே. ஓடிப் பார்த்தான். படகேறிக் கிமாரஸ் தீவுக்கே போய்ப் படுத்தான். காலையில் அங்கேயும் அதே நாடாவோடு எழுந்தான். தனியாகக் கிடக்கப் பயந்து திரும்பி வந்துவிட்டான். இப்போது அவன் ஒரு சொல்கூட அதட்டுவதில்லை. பொழுது சாயும்போது மட்டும் அழ ஆரம்பிப்பான்.

மாரிவிக்குக்குக் கேட்கவே பொறுக்கவில்லை. ஒரு நாள் துணைக்குப் போய்ப் படுத்தாள். "போதும்டி. பாதிரியாரைக் கூட்டிட்டு வந்து மாமாவை மந்திரிச்சு அனுப்பிடுவோம்," என்றாள். ஜெர்லின் பாய் விரித்தாள்.

நடுச்சாமம். துரு வாசனை. பக்கத்து அறையில் ஆர்னெல் கெஞ்சுகிறான்... பிறகு எலும்பு நொறுங்குகிறது. மாரிவிக் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள். அலறல் ஓயவில்லை. குழந்தை சிணுங்கியது.

ஜெர்லின் சலிப்போடு புரண்டு படுத்தாள். தூக்கக் கலக்கத்தில் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"மெதுவா, மாமா. பாப்பா தூங்குது."

சத்தம் குறைந்தது. நிற்கவில்லை.