அண்ணனின் மூக்கு

லாவெண்டர் எண்ணெய் வாங்கினால் பாட்டிலைத் திறந்து நேராக மூக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள். கால் மணி நேரம் கழித்து வந்து முகர்ந்தால்தான் சரக்கின் லட்சணம் தெரியும். கலப்படக்காரன் முதல் வாசனையில் அசத்திவிடுவான், கடைசி வாசனையில் கையை விரித்துவிடுவான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மனைவி தூக்கம் வர எங்கள் கடை எண்ணெயைத்தான் தலையணையில் தடவுகிறார் என்று போன முறை சொன்னீர்கள். அதைக் கலந்தது நான். அண்ணன் கைப்பக்குவம் என்று நினைத்திருப்பீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை என்று எனக்குத் தெரியும். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடப்போகிறீர்கள் என்று அண்ணி சொன்னாள். அந்த அறிக்கையில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன்.

கடை அப்பா வைத்தது. முன்னறையில் பாட்டில்கள், நடு அறையில் எண்ணெய் தேய்த்துவிட இரண்டு கட்டில்கள், பின்னறையில் செடிகளையும் வேர்களையும் வேகவைத்து எண்ணெய் இறக்கும் பெரிய செம்புக் கொப்பரை, அதன் கீழே கேஸ் அடுப்பு. பல்வலிக்குக் கிராம்பு, மூக்கடைப்புக்கு யூகலிப்டஸ், படபடப்புக்கு வெட்டிவேர், சுட்ட காயத்துக்கு லாவெண்டர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அண்ணனுக்கு ஊரில் பெயர் ‘மூக்கு’. ஒரு சொட்டை முகர்ந்துவிட்டு, எத்தனை மாதச் சரக்கு, எதில் என்ன கலந்திருக்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பான். ஒரு காலத்தில் அது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை.

நான்கு வருடம் முன்னால் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. படுக்கையிலிருந்து எழுந்த அன்று கிராம்பு எண்ணெய் நனைத்த காகிதத்தை என்னிடம் நீட்டி, “இதுல ஒண்ணுமே விடலயா நீ?” என்று கேட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு நெடி. விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. யூகலிப்டஸைத் திறந்தான், கற்பூரத்தைத் திறந்தான், கடைசியில் கழிவறை பினாயிலையும் முகர்ந்து பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதான். “நான் இருக்கேன்ல அண்ணா” என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அன்றைக்கு அவன்மேல் எனக்கு அவ்வளவு பாசம் இருந்தது.

ஏற்பாடு சுலபமானது. பாட்டில் துடைக்கிற துணி எப்போதும் என்னிடம் இருக்கும். சரக்கு கொண்டுவந்தவருக்குப் பின்னால் நான் நிற்பேன். துணி வலது தோளில் இருந்தால் நல்ல சரக்கு. இடது தோளில் இருந்தால் கலப்படம். கையில் சுருட்டி வைத்திருந்தால் பழசு. நான் முதலில் பாட்டிலைத் துடைக்கிற சாக்கில் முகர்ந்துவிடுவேன். அண்ணன் அப்புறம் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஒரு நாடகமே நடத்திவிட்டுக் கண்ணைத் திறந்து என் தோளைப் பார்ப்பான். “போன வருஷ அறுவடை, என்கிட்டயேவா?” என்பான். வந்தவர் ஆடிப்போவார். என்னைப் பார்த்து யாரும் ஆடிப்போனதில்லை. துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவளை யார் பார்க்கிறார்கள்?

நான்கு வருடத்தில் ஒருமுறைகூட நான் தவறவில்லை. அவன் பெயர் ஏறிக்கொண்டே போனது. எட்டுப் பேரைச் சேர்த்து வாசனை வகுப்பு ஆரம்பித்தான். ஒருநாள் ஒரு பெண், “உங்க தங்கச்சிக்கும் இந்த ஞானம் உண்டா சார்?” என்று கேட்டாள். “அவளா? பாட்டில் கழுவ மூக்கு எதுக்கு?” என்றான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு எனக்குப் பல் பிடுங்கிய நாள் வந்தது. கிராம்பு எண்ணெய் விற்கிறவளே பல் டாக்டரிடம் போகிறாளா என்று கேலி செய்து அனுப்பினான். நான் இல்லாத நேரத்தில் முதுகுவலி என்று ஒரு டீச்சர் வந்திருக்கிறார். தங்கச்சி வரட்டும் என்று சொல்ல அவனுக்கு வாய் வருமா? தானே கலந்தான். எண்ணெய் வழிந்து வழிந்து எங்கள் பாட்டில்களில் எழுத்து அழிந்துபோகும். பழுப்புக் கண்ணாடிக்குள் எல்லாம் ஒரே நிறம். எங்கள் தொழிலில் எழுத்தை நம்பி யாரும் எடுப்பதில்லை, மூக்கை நம்பித்தான் எடுப்போம். அவன் லாவெண்டர் என்று எடுத்தது இலவங்கப்பட்டை எண்ணெய். அதைத் தோலில் இப்படித் தாராளமாகத் தேய்த்தால் வெந்துபோகும். டீச்சர் “எரியுது, எரியுது” என்று கத்தியிருக்கிறார். “அப்படித்தான் இருக்கும், வலி வெளிய போகுது” என்று சொல்லிச் சொல்லி இன்னும் தேய்த்திருக்கிறான்.

நான் வாயில் பஞ்சோடு திரும்பி வந்தபோது தெருவிலேயே பட்டை வாசனை அடித்தது. உள்ளே டீச்சரின் முதுகெல்லாம் கொப்புளம். அவர் கணவர் அண்ணனின் சட்டையைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் கை நீட்டினான். “இதோ வந்துட்டா. இவதான் கலந்து வச்சிருந்தா. லாவெண்டருக்கும் பட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவள வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?”

ஊசி போட்டதில் எனக்கு உதடு மரத்துக் கிடந்தது. பேச வரவில்லை. “மன்னிப்பு கேளு” என்றான். கேட்டேன். பாதி வாயால், எச்சில் ஒழுக, கைகூப்பிக் கேட்டேன். “இந்தப் பொண்ணையெல்லாம் எதுக்குங்க எண்ணெய்ப் பக்கம் விடறீங்க?” என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் மரப்பு விட்டதும் போய்க் கேட்டேன். “ஏண்ணா அப்படிச் சொன்ன?”

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோபப்படக்கூட இல்லை. “எம் பேர் போனா கடையே போச்சு. உனக்கு என்ன பேர் இருக்கு, போறதுக்கு?” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் நடு அறையில் ஒரு பலகை மாட்டினான். ‘இங்கே எண்ணெய் கலப்பது மூக்கு மட்டுமே.’ தினமும் அதைத் தூசி தட்டுவது என் வேலை. மூன்று வாரம் தட்டினேன். நீங்கள் கோபம் பற்றிக் கேட்டால், ஆமாம், கோபம்தான். கத்துகிற கோபம் இல்லை. காலையில் எழும்போதே நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு, தூங்கும்வரை நகராத கோபம். வெட்டிவேர் எண்ணெயை மார்பில் தடவிப் பார்த்தேன். படபடப்புதான் அடங்கியது, கோபம் அப்படியே இருந்தது.

இப்போது அந்தக் காலை விஷயத்துக்கு வருகிறேன். கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அழுகிய நாற்றம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அண்ணனுக்கு அதுவும் தெரியாது என்பதால், நான்கு வருடமாகப் பின்னறைக்குள் முதலில் போவது நான்தான். போய் நின்று மூச்சிழுத்துப் பார்த்து, ஜன்னல்களைத் திறப்பேன். அவன் வாசலிலிருந்து “ஒண்ணுமில்லயே?” என்பான். “ஒண்ணுமில்லண்ணா, வா” என்பேன். பிறகு அவன் அடுப்பைப் பற்றவைப்பான்.

அன்று கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. குழாயின் நட்டு தளர்ந்து, கேஸ் கசிந்துகொண்டிருந்தது. அண்ணன் வழக்கம்போல “ஒண்ணுமில்லயே?” என்றான். எனக்கு அந்தக் கணத்தில்தான் தோன்றியது. லாவெண்டருக்கும் பட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் ஏன் கேட்கிறான்? “ஒண்ணுமில்லண்ணா, வா” என்றேன். ஜன்னலைத் திறக்கவில்லை. வெளியே வந்து, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஏன் கடந்தாய் என்று கேட்பீர்கள். காற்று வாங்கத்தான்.

அன்று காலை வகுப்பு இருந்தது. முந்தின நாளே எட்டுப் பேரையும் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொல்கிற ஆள் இல்லை நான்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தான். ஒரு கண்ணும் வாயும் தவிர மற்றதெல்லாம் கட்டு. ஆறு நாளும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். யாரும் இல்லாத நேரத்தில், “உனக்கு நாத்தம் அடிக்கலயா?” என்று மெல்லக் கேட்டான். “அடிச்சுதுண்ணா” என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் அந்த ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் என்னைப் பார்த்தான். காயத்தில் எதையும் தடவக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் தலையணை ஓரத்தில் லாவெண்டர் இரண்டு சொட்டு விட்டேன். “ஆஹா, நல்ல வாசனை. உங்களுக்கு எப்படி இருக்கு சார்?” என்று கேட்டாள் நர்ஸ். அவன் என்னைப் பார்த்தான். நான் துணியை வலது தோளில் போட்டேன்.

“நல்லா இருக்கு. சுத்தமான சரக்கு” என்றான்.

நீங்கள் வந்து விசாரித்தபோது அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். தங்கச்சிதான் ஒன்றுமில்லை என்று சொன்னாள் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால், நீ ஏன் முகரவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதனால் உயிர் போகிற நேரத்திலும், “வாசனையே வரல சார், கேஸ்ல வாசனை சேர்க்கல” என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அந்த மூக்குக்கே தெரியவில்லை என்றால் கேஸில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, சிலிண்டர் போடுகிறவரை வேலையிலிருந்து நிறுத்தவும் வைத்துவிட்டீர்கள். பாவம், குடும்பஸ்தர். அவருக்காகத்தான் நான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நேற்று அண்ணி ஒரு படம் கொண்டுவந்தாள். அண்ணன் கண்ணை மூடிக் காகிதத்தை முகர்கிற படம். கடை வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டப்போகிறாளாம். கீழே ‘மூக்கு’ என்று பெரிய எழுத்தில். “நீதான் தெனம் தொடச்சு வைக்கணும்” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

எழுதிக்கொள்ளுங்கள். கேஸில் வாசனை இருந்தது. நன்றாகவே இருந்தது. அவனுக்குத்தான் மூக்கு இல்லை. நான்கு வருடமாக அந்தக் கடையின் மூக்கு நான். அதை முதலில், தெளிவாக, என் பெயர் போட்டு எழுதுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஸ்பானரை எடுத்து அந்த நட்டைத் தளர்த்தியதும் நான்தான், அதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.